தனக்காகவும் வாழ்ந்த அம்மா

அம்மாவின் மறைவுச் செய்தி அறிந்து ஆறுதல் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஒரே சொற்களைத்தான் சொன்னார்கள்: பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர், தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர், பொறுமையின் வடிவம். அன்பினால் சொன்னவை அவை. அனைவருக்கும் என் நன்றி. ஆனால் தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்த அந்தப் பெண்மணி இந்தச் சொற்களுக்குள் இல்லை. அம்மா தனக்கென்று நிறையவே வைத்துக்கொண்டிருந்தார்: மலைகள், வண்ணங்கள், தனியாகப் பயணம் போகும் உரிமை, பிடித்த ஓவியத்தின் முன்னால் கால் வலிக்கும்வரை நிற்கும் சுகம். எங்களை வளர்த்த காலத்திலும் இவற்றில் எதையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைத்தான் நான் பெருமையோடு சொல்ல விரும்புகிறேன்.

இளமையில் தொடங்கிய மலையேற்றத்தை, முழங்கால் இனி முடியாது என்று சொல்லும்வரை அவர் நிறுத்தவில்லை. நீச்சலைத் தலை நரைத்த பிறகுதான் கற்றார். ஜப்பானின் ஜுன்கோ தபேயைப் பற்றிய செய்தித்தாள் நறுக்கு ஒன்று, பழுப்பேறிய நிலையில், அவருடைய வரைபுத்தகங்களுக்கு நடுவே எப்போதும் இருக்கும். 1975 மே 16 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் பெண் தபே. அப்போது அவருக்கு வயது 35. வீட்டில் சிறு குழந்தை. நிதி கேட்டுப் போன இடங்களில், குழந்தையை வளர்க்காமல் இந்த வேலை எதற்கு என்ற பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது. உச்சியை அடைவதற்கு 12 நாட்களுக்கு முன் பனிச்சரிவில் புதைந்து, உடன் வந்த மலை வழிகாட்டிகளான ஷெர்பாக்களால் மீட்கப்பட்டு, உடல் ஓரளவு தேறியதும் மீண்டும் ஏறினார். அம்மாவை மிகவும் கவர்ந்தது உச்சியைத் தொட்ட நாள் அல்ல, மறுபடி ஏறலாம் என்று தபே முடிவெடுத்த அந்தக் காலைதான். எங்களிடம் அதை எத்தனையோ முறை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

ஓவியத்தில் அவருடைய ரசனை உறுதியானது; பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தயங்கமாட்டார். பாரிஸ் நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் அவர் அதிக நேரம் நின்றது அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் 1871இல் வரைந்த தம் தாயின் ஓவியத்தின் முன்னால். கறுப்பு உடையில், பக்கவாட்டில் திரும்பி, மடியில் கைகளைச் சேர்த்து வைத்து, நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருக்கும் மூதாட்டி. பொறுமைக்கும் அடக்கத்துக்கும் அடையாளமாகவே உலகம் அவரைப் பார்த்து வந்திருக்கிறது. 1934இல் அமெரிக்க அஞ்சல் துறை அந்நாட்டுத் தாய்மார்களின் நினைவாக 3 சென்ட் அஞ்சல்தலை வெளியிட்டபோது இந்த ஓவியத்தையே எடுத்துக்கொண்டது. ஓவியர் வரையாத ஒரு பூச்சாடியையும் மூலையில் சேர்த்தது. விஸ்லரோ அந்தப் படத்துக்குச் சாம்பல், கறுப்பு ஆகிய நிறங்களின் பெயரையே சூட்டியிருந்தார்.

ஆனால் அந்த நாற்காலியில் இருக்கும் அன்னா விஸ்லர் யார்? 1804இல் பிறந்தவர். ரயில் பாதைப் பொறியாளரான கணவரோடு வாழ்வதற்காக 1843இல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடல் கடந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போனார். அங்கே கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1849இல் கணவர் அங்கேயே இறந்தபின் தாய்நாடான அமெரிக்காவுக்குத் திரும்பினார். அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல், ஏறத்தாழ அறுபது வயதில், கடற்படை முற்றுகையைத் தாண்டிச் சென்ற கப்பலில் ஏறி லண்டனில் இருந்த மகனிடம் போய்ச் சேர்ந்தார். இத்தனையும் நடந்து முடிந்த பிறகுதான் அந்த நாற்காலி. இந்தக் கதையை அறிந்த நாளிலிருந்து அம்மா அவரைத் தம் தோழியைப் போலவே பேசினார். நாற்காலியில் அமர்ந்த கோலத்தை மட்டும் பார்த்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்துவிடக்கூடாது என்ற என் எண்ணத்துக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது.

உண்மையை எழுதுவதென்றால் முழுவதையும் எழுத வேண்டும். அம்மா பயணத்தில் இருந்த நாட்கள் பிள்ளைகளான எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. பிடிவாதம் அவருக்கு அதிகம். ஓவியம் வரைந்துகொண்டிருக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். இவற்றை மறைத்து எழுதினால் அது அவரைப் பற்றிய எழுத்தாக இராது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514இல், தம் தாய் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், அவரைக் கரித்துண்டால் வரைந்தார். ஒட்டிய கன்னம், நெற்றிச் சுருக்கம், புடைத்த கழுத்தெலும்பு என்று ஒன்றையும் அவர் மென்மையாக்கவில்லை. அந்தப் படத்தில் இருக்கும் அளவு அன்பை அழகுபடுத்தப்பட்ட எந்தத் தாயின் படத்திலும் நான் கண்டதில்லை.

பெற்றோர் உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலமே முதியவர்களின் நினைவில் மிகுதியாக நிற்கிறது என்று நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது நாம் பிறப்பதற்கு முந்தைய காலம், அல்லது நமக்கு நினைவு தெரியாத காலம். அதனால்தான் அதைப் பற்றி நாம் கேட்பதே இல்லை. முதியவர்கள் கடந்த காலத்தையே பேசிக்கொண்டிருப்பதை முதுமையால் வரும் அறிவுத் தளர்ச்சியாகக் கருதிய காலத்தில், தம் வாழ்வைத் தாமே திரும்பிப் பார்த்து மதிப்பிடும் இயல்பான செயல் அது என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். ஆகவே, உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரை போட்டாயிற்றா என்பதோடு நிறுத்திவிடாமல், முதன்முதலில் தனியாக எங்கே போனீர்கள், எதைப் பார்த்து வியந்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள் என்றும் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். புகைப்படங்களின் பின்புறத்தில் பெயரையும் இடத்தையும் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறிவரக்கூடும்.

அம்மாவின் வரைபுத்தகங்களை இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்து வகைப்படுத்தி வருகிறோம். நீர்வண்ண ஓவியங்கள் வெளிச்சத்தில் வெளிறிவிடும் என்பதால் அவற்றைச் சுவரில் மாட்டப்போவதில்லை. அமிலமற்ற தாளுக்கிடையே பெட்டியில் வைத்து, நகல்களை மட்டும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். பயணங்களிலிருந்து அவர் நண்பர்களுக்கு அனுப்பிய அஞ்சலட்டைகளில் சிறு சித்திரங்கள் வரைந்திருப்பார். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், அட்டை உங்களுடையதாகவே இருக்கட்டும். இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினால் போதும். முகவரி எழுதிய பக்கத்தை விட்டுவிடாதீர்கள். அஞ்சல் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். அவற்றை வைத்துத்தான் அவர் எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்ற வரிசையை நாங்கள் அமைத்துக்கொண்டிருக்கிறோம்.