கொம்பைக் கீழே வைக்கச் சொன்னவருக்கும், பேசாமல் இருந்தவர்களுக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை, கையில் கொம்போடு நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்ததை உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள். முழுவதையும் திரும்ப எழுதிப் புண்ணைக் கிளற விருப்பமில்லை. நான்கு நாளாக என்னைத் தூங்கவிடாத ஒரு வரி மட்டும்: "உன் முன்னோர் இந்த மண்ணில் இல்லை. அந்தக் கொம்பைக் கீழே வை."

அது மாட்டுக் கொம்பு, உள்ளே தேன்மது. எங்கள் குழு, கிறிஸ்தவத்துக்கு முந்தைய வடஐரோப்பியத் தெய்வங்களை வணங்குகிற குழு. ப்ளோத் என்ற படையல் சடங்கன்று வட்டமாக நின்று அதைக் கை மாற்றுவோம். முதல் சுற்று தெய்வங்களுக்கு, அடுத்தது இறந்துபோனவர்களுக்கு. ஆறு வருடத்துக்கு முன் வேலையிடத்துத் தோழி ஒருத்தி என்னை முதன்முதலில் கூட்டிக்கொண்டு போனபோது அம்மா இறந்து மூன்று மாதம். ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பிர்ச் காடு, மழை விட்ட ஈரம். கொம்பு என் கைக்கு வந்தது. விளிம்பில் எனக்கு முன் குடித்தவரின் சூடு இருந்தது. ஒன்றும் யோசிக்காமல் அம்மாவின் முழுப் பெயரையும் சொன்னேன். நீளமான பெயர். அங்கே நின்ற பதினேழு பேரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். நடுவில் தடுக்கினார்கள், ஆனால் ஒருவரும் பாதியில் விடவில்லை. மிச்சத்தை மரத்தின் வேரில் ஊற்றினேன். செத்தவீட்டில் வராத அழுகை அங்கேதான் வந்தது.

என் முன்னோர் அன்றைக்கு அந்த மண்ணுக்கு வந்துவிட்டார்கள். இதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி காட்டவேண்டும்?

முன்னோர் கணக்குத்தான் வேண்டுமென்றால், சரி, பார்ப்போம். ஐஸ்லாந்து 1000ஆம் ஆண்டளவில் ஆல்திங் சபையில் கூடிக் கிறிஸ்தவத்துக்கு மாறியது. 1972இல் ஸ்வெய்ன்பியோர்ன் பெயின்டெய்ன்சன் என்ற விவசாயி, கவிஞரும்கூட, சிலரோடு சேர்ந்து, பழைய தெய்வங்களை மறுபடி வணங்க ஆசத்ரு சங்கத்தைத் தொடங்கினார்; ஆசத்ரு என்பது இந்த மதத்தின் இன்றைய பெயர். மறுவருடம் அரசு அதை அங்கீகரித்தது. இடையில் ஓடியது ஏறக்குறைய ஆயிரம் வருடம். எனக்கு அந்த வரியை எழுதியவரின் பாட்டியும் லூத்தரன் தேவாலயத்தில்தான் திருமுழுக்குப் பெற்றிருப்பார். அந்த வட்டத்தில் நிற்கிற எல்லோரும் பிறகு வந்து சேர்ந்தவர்கள்தான். நானும் பிறகு வந்தவள். அவ்வளவுதான் விஷயம்.

தெய்வங்களிடமாவது இந்த இரத்தக் கணக்கு இருக்கிறதா? தெய்வங்களின் தலைவன் ஓடினின் தாய் பெஸ்ட்லா, தெய்வங்களோடு ஓயாமல் மோதுகிற யோத்துன் குலத்தில் பிறந்தவள். நியோர்த், ஃப்ரே என்ற தெய்வங்கள் இரண்டு தெய்வக் குலங்களின் போருக்குப் பிறகு எதிர்த் தரப்பிலிருந்து பணயமாக வந்தவர்கள். வந்த இடத்திலேயே கும்பிடப்பட்டார்கள். வெளியார் வரக்கூடாது என்று தெய்வங்களின் ஊரான அஸ்கார்டில் கதவடைத்திருந்தால் பாதித் தெய்வங்கள் வாசலில்தான் நின்றிருக்கும்.

"இது ஓர் இனத்தின் மதம், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறதே" என்று இரண்டு பேர் உள்பெட்டியில் எழுதியிருந்தீர்கள். வடக்கே வாழும் பழங்குடிகளான சாமி (Sámi) மக்களின் சடங்கை நான் எடுத்துச் செய்தால் அப்படிக் கேளுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அவர்களுடைய மேளங்களைப் பாதிரிமார் பறித்து எரித்த வரலாறு இருக்கிறது, மிஞ்சியதை அவர்கள் பொத்திக் காப்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இது திறந்த வட்டம். என்னைக் கூப்பிட்டார்கள், நான் போனேன்.

மாமி ஒருவர் வேறு தொலைபேசியில்: "பிள்ளை, முருகன் உனக்கு என்ன குறை வைச்சவர்?" ஒரு குறையும் இல்லை மாமி. வெள்ளிக்கிழமை விளக்கு இன்றைக்கும் ஏற்றுகிறேன். ஆனால் ஊரில் எங்கள் கோயிலில் அம்மப்பா கடைசிவரை வெளிவீதியில் நின்றுதான் கும்பிட்டார் என்பது உங்களுக்கும் தெரியும். சாதியைச் சொல்லித் தடுத்ததால், உள்ளே விடக் கேட்டு 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் உட்கார்ந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. பிறப்பைக் கேட்டு உள்ளே விடுகிற வாசல் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதே கேள்வி நோர்வே மொழியில் வந்தால் மட்டும் நான் தலைகுனிந்துகொண்டு போகவேண்டுமா?

உண்மையில் அந்த ஆள் எழுதியது இவ்வளவு வலிக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் எங்கும் இருக்கிறார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்று கதவடைத்த அமெரிக்க ஆசத்ரு ஃபோக் அசெம்பிளியோடு உறவில்லை என்று 2016இல் எத்தனையோ குழுக்கள் பகிரங்கமாக எழுதிக் கையெழுத்திட்டன. அந்த அறிக்கைக்கு, ஓடின் சொன்னதாக வரும் ஹாவமால் என்ற பழைய பாடல் தொகுப்பின் 127ஆம் பாட்டைத்தான் பெயராக வைத்தார்கள். தீமையைக் கண்டால் தீமை என்று சொல், பகைவனுக்கு அமைதி கொடுக்காதே என்கிற பாட்டு அது. எங்கள் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடம்.

என்னை முதல்நாள் கூட்டிக்கொண்டு போன தோழிக்கும் மனப்பாடம். அந்த வரி விழுந்த பத்து நிமிடத்தில் அவள் படத்தைப் பார்த்திருக்கிறாள். ஒரு சொல் எழுதவில்லை. இரவு தனியாக எனக்கு அனுப்பினாள்: "பிரச்சினை பெரிதாகாமல் இருக்கப் படத்தை எடுத்துவிடேன்." அம்மாவின் பெயரை அன்றைக்கு என் பக்கத்தில் நின்று சொன்னவள் அவள். பதினேழு பேரில் அவள் குரல்தான் எனக்குத் தனியாகக் கேட்டது.

அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை. படம் அங்கேயேதான் இருக்கிறது. நடுக்குளிர்கால ப்ளோத்துக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டேன்.