அழக்கூடாதெண்டு அந்தப் பாட்டு எங்க சொல்லுது?

ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனையில நடந்ததை நேரில கண்டவையும் இருக்கிறியள், வீடியோவில பாத்தவையும் இருக்கிறியள், அதால முழுக்கத் திரும்ப எழுதேல்லை. "இட் இஸ் வெல் வித் மை சோல்", அதாவது என்ர ஆத்துமாவுக்குச் சுகந்தான் எண்ட இங்கிலீஸ் ஞானப்பாட்டைப் பாடிக்கொண்டிருக்கேக்க அந்த அக்கா உடைஞ்சு அழுதா. வெளியில இருந்து வந்த பிரசங்கியார் பாட்டை நிப்பாட்டிப்போட்டு மைக்கில சொல்லுறார், இதை எழுதின மனுசன் நாலு பிள்ளையளைக் கடலில குடுத்திட்டும் அழேல்லை, சிஸ்டர் நீங்கள் இன்னும் விசுவாசத்தில வளர வேணும் எண்டு. சனமும் ஆமென் எண்டுது. அவர் சொன்னதை விட அந்த ஆமென்தான் எனக்கு ரெண்டு நாளா நித்திரை இல்லாமல் பண்ணுது.

அவர் அழேல்லை எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?

பாட்டை எழுதின ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட் சிக்காகோவில ஒரு வக்கீல். 1871ல அந்த நகரத்தில பத்தின பெரிய நெருப்பில அவருக்குப் பெரிய நட்டம். ரெண்டு வருசம் கழிச்சு, 1873 நவம்பர் 22, மனிசியும் நாலு பொம்பிளைப் பிள்ளையளும் போன கப்பல் அத்லாந்திக் கடலில இன்னொரு கப்பலோட மோதி 12 நிமிசத்தில தாண்டு போச்சுது. 226 பேர் செத்தினம். அனி, மேகி, பெஸி, டனெட்டா, நாலு பிள்ளையளும் போட்டுதுகள். தாய் மட்டும் தப்பிக் கரைக்கு வந்து அடிச்ச தந்தியில "தனியத் தப்பினன்" எண்டுதான் தொடங்கினது. அந்தக் கடலைக் கடந்துதான் அவர் மனிசியிட்டப் போனார், அந்தத் துக்கத்துக்குள்ள இருந்துதான் இந்தப் பாட்டு வந்தது. 1876ல பிலிப் பிளிஸ் எண்டவர் மெட்டுப் போட்டு வெளிவந்தது, மெட்டுக்கு வைச்ச பேர் என்ன தெரியுமோ, தாண்டுபோன அந்தக் கப்பலின்ர பேர், வில் து ஆவ்ர். மறக்கச் சொல்லுற பாட்டுக்கு ஆராவது அப்பிடிப் பேர் வைப்பினமோ?

பாட்டையும் வாசிச்சுப் பாருங்கோ. முதல் சரணத்திலயே துக்கம் கடல் அலை மாதிரி உருண்டு வருது எண்டுதான் இருக்கு. அலை இல்லை எண்டு அவர் சொல்லேல்லை. ஏசாயா 48:18ல சமாதானம் நதியைப்போல எண்டு வரும், அங்க அலையைப்போல வாறது நீதி. இவர் நதியை அப்பிடியே வைச்சுக்கொண்டு அலையைத் தன்ர துக்கமாக்கிப்போட்டார். 42ஆம் சங்கீதத்தில உம்முடைய அலையெல்லாம் என்மேல புரண்டு போகுது எண்டு சங்கீதக்காரன் கதறுறானே, அந்தக் கதறல்தான் இது. பிறகு நடுவில வாற சரணத்துக்குப் போங்கோ, எங்கட ஆக்கள் நேரமில்லை எண்டு விடுற சரணம் அதுதான். என்ர பாவம் முழுக்கச் சிலுவையில ஆணியடிச்சாச்சு எண்டு பாடுறார், கொலோசெயர் 2:14. கடைசியில வானம் சுருட்டப்படும், எக்காளம் தொனிக்கும், கர்த்தர் இறங்கி வருவார். ஆத்துமா சுகமா இருக்கிறதுக்கு அவர் காட்டுற காரணம் சிலுவையும் வருகையும். கண்ணீர் நிண்டுபோச்சு எண்டதைக் காரணமா அவர் எங்கயும் காட்டேல்லை, ஏனெண்டா அது நிக்கேல்லை.

என்ர அம்மாவைப் பற்றி எழுதாமல் விடேலாது. 2009ல மாத்தளனில தம்பி செல்லடியில போனான். வடிவா அடக்கம் பண்ணக்கூட ஏலேல்லை. பிறகு சண்டையால இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாம். தண்ணி லைனில ரெண்டு கையிலயும் கானைத் தூக்கிக்கொண்டு அம்மா வாய்க்குள்ள ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டு நிப்பா, கண்ணால தண்ணி வடிஞ்சு நாடியால சொட்டும், கை ரெண்டும் கானில எண்டபடியா துடைக்கவும் மாட்டா. பக்கத்துத் தறப்பாளில இருந்தது ஒரு சைவக்காற அம்மா, பின்னேரத்தில வந்து அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பா, ஒரு கதையும் இல்லை. பிரசங்கியார் அண்டைக்கு அந்த லைனில நிண்டிருந்தா என்ர அம்மாவுக்கும் விசுவாசம் காணாது எண்டிருப்பாரோ?

உடன வருவியள், 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கிக்க வேண்டாம் எண்டுதே எண்டு. முழுசா வாசியுங்கோ. நம்பிக்கையில்லாத மற்றவையைப் போல துக்கிக்க வேண்டாம் எண்டிருக்கு. செத்துப்போன லாசரு எழும்பப்போறான் எண்டு தெரிஞ்சுகொண்டே இயேசு கல்லறைக்குப் போற வழியில கண்ணீர் விட்டவர், அவருக்கு ஆர் விசுவாசம் படிப்பிக்கிறது? பிரசங்கியார் சூனேம் ஊர்த் தாயையும் ஞாயிற்றுக்கிழமை இழுத்தவர், பிள்ளை செத்துக் கிடக்கேக்க "சுகந்தான்" எண்டு சொன்னவளாம். சொன்னவள்தான், 2 இராஜாக்கள் 4:26. அடுத்த வசனம் ஏன் வாசிக்கேல்லை? அவள் வந்து தீர்க்கதரிசி எலிசாவின்ர காலைப் பிடிக்கிறாள், வேலைக்காரன் கேயாசி அவளைத் தள்ளிவிடப் போறான், எலிசா சொல்லுறார் அவளைத் தடுக்காதே, அவளின்ர ஆத்துமா துக்கத்தில இருக்கு எண்டு. ஞாயிற்றுக்கிழமை மைக் கேயாசியின்ர கையிலதான் இருந்தது.

தேவ ஊழியரைத் தொடக்கூடாது எண்டு ரெண்டு பேர் மெசேஜ் போட்டிருக்கிறியள். அந்த அக்காவைத் தொடலாமோ? நல்ல மனசோடதான் சொன்னவர் எண்டால் இருக்கட்டும், அப்ப மன்னிப்புக் கேக்கிறதும் லேசு.

எனக்கு இவர் ஒருத்தரில மட்டும் கோவம் இல்லை. வன்னிக்கு வாற எல்லாருக்கும் எங்கட அழுகை ஒரு கரைச்சல். கிளிநொச்சியில 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர தாய்மார் றோட்டுக்கரையில இருக்கத் தொடங்கினவை. அதுகளில எத்தினை பேர் பதில் இல்லாமலே செத்துப் போட்டினம். அதுகளுக்கும் எல்லாரும் இதைத்தானே சொல்லிச்சினம், மறவுங்கோ, முன்னால பாருங்கோ எண்டு. முல்லைத்தீவில சுனாமிக்குப் பிள்ளையளைக் குடுத்த சனம், பிறகு முள்ளிவாய்க்காலில மிச்சத்தையும் குடுத்த சனம், அதுகள் கோயிலுக்குள்ளயும் அழக்கூடாதெண்டா எங்க போய் அழுறது? ராகேல் தன்ர பிள்ளையளுக்காக ஆறுதல் அடையாமல் அழுறாள் எண்டு மத்தேயு கிறிஸ்து பிறந்த கதைக்குள்ளயே எழுதி வைச்சிருக்கிறார், அதை ஒருத்தரும் அழிக்கேல்லை.

சபைப் பிரச்சினையை முகநூலில எழுதினது பிழை எண்டு சொல்லப்போறியள். சபைக்குள்ள எல்லாரும் ஆமென் சொல்லிப்போட்டியளே, நான் வேற எங்க சொல்ல?

அந்த அக்கா இனி ஆராதனைக்கு வரமாட்டன் எண்டு சொன்னவவாம். இண்டைக்கு மட்டும் சபையில இருந்து ஒருத்தரும் வீட்டை போகேல்லை. நானும் அம்மாவும் நாளைக்குப் பின்னேரம் போறம். வரக்கூடியவை இன்பொக்ஸில சொல்லுங்கோ. புத்தி சொல்லுற எண்ணத்தில இருக்கிறவை தயவுசெய்து வரவேண்டாம்.