அஞ்சரை மணித்தியாலம் எங்க போன?

சேர்வரில என்ன எப்ப நடந்த எண்டு எழுதி வைக்கிற லொக் எல்லாம் யூடிசி எண்ட உலகப் பொது நேரத்தில, மட்டக்களப்பில நாங்க அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு, சரி கூட்டிப் பாத்தா முடிஞ்சுது எண்டு இருந்தா, சிஸ்லொக் எண்டு லொக் எழுதுற பழைய முறை ஒண்டு, அந்த வரியில எந்த ஊர் நேரம் எண்டு சொல்ற டைம்சோனும் இல்ல, வருசமும் இல்ல, என்னகா இது! லொக்கெல்லாம் சேத்து எடுக்கிற லொக்ஸ்டாஷ் சொஃப்ட்வெயாரில, வரியில இருக்கிற நேரத்த வாசிக்கிற டேட் ஃபில்டர் போடாட்டி லொக் வந்து சேந்த நேரத்தையே நடந்த நேரம் எண்டு குத்திப்போடும். கல்முனைக் கிளையில லைன் அறுந்து மறுகா வந்தா, ராத்திரி எரர் எல்லாம் காலம பத்து மணியில குவிஞ்சு நிக்கும், அந்த நேரம் பாத்து மனேஜர் கோல் எடுத்து "தம்பி, ராவைக்கு என்ன நடந்த?" எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற?

இதுக்குள்ள, நேரம் எப்பிடி எழுதியிருக்கு எண்டு எழுத்தால சொல்லிக் குடுக்கிற ஃபோர்மற் வேற. லொக்ஸ்டாஷில பெரிய எம் மாசம், சின்ன எம் நிமிசம். அதே வேலை செய்யிற ஃபுளுவென்ட்டீல அப்பிடியே தலைகீழ். ஆருக்கு வந்த யோசினையோ!