உறுமிக்கு ட்ரிகர் போடாதீங்க தம்பிகளா

திருவிழா சீசன் நெருங்கிடுச்சு. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் உறுமி மேளக் குழுக்கள் பாட்டு எடுக்க ஆரம்பிச்சாச்சு. பாலாய் ராயாவுல (ஊர்ப் பொது மண்டபத்துல) நாலு மைக் வெச்சு எடுக்குறது, அப்புறம் கேட்டுட்டு "சவுண்டு சப்புன்னு இருக்கு, எல்லா அடியையும் சாம்பிளா மாத்திடலாம் அண்ணே"ங்கிறது. மென்பொருளை வெச்சு ஒவ்வொரு அடியையும் கண்டுபிடிச்சு, அந்த இடத்துல தனியா எடுத்து வெச்ச அடியை (சாம்பிளை) ஒலிக்க வைக்கிறதுதான் ட்ரிகர். டிரம் செட்டோட கிக், ஸ்னேருக்கு சாம்பிள் போடுங்க. தவிலுக்குப் பாதிதான். உறுமிக்கு வேண்டவே வேண்டாம்.

ஏன்னா, மென்பொருள் தேடுறது சத்தம் திடீர்னு எகிறுற இடத்தை. உறுமியோட ஒரு முகத்தை அடிக்கிறோம், மறு முகத்தை வளைஞ்ச குச்சியால தேய்க்கிறோம். தேய்ப்புல சத்தம் மெதுவா ஏறி, சுருதி வளைஞ்சு இறங்கும். எகிறலே கிடையாது. த்ரெஷோல்ட் (எவ்வளவு சத்தத்துக்கு மேல போனா அடின்னு எடுத்துக்கணும்ங்கிற வரம்பு) உசரமா இருந்தா மென்பொருள் அதைக் கண்டுக்காது; இறக்கினா ஒரே தேய்ப்புக்கு மூணு நாலு அடி விழும். தவில்ல குச்சியால அடிக்கிற தொப்பி முகத்துக்குத் தனி மைக் இருந்தா அதை மட்டும் ட்ரிகர் பண்ணலாம். வலந்தலையில கூடு போட்ட விரல் ஓடுற வேகத்துக்கு எந்த சாம்பிளும் உண்மையா நிக்காது.

சரி, கிக், ஸ்னேருக்கு வருவோம். லாஜிக் ரெக்கார்டிங் மென்பொருள்ல 'ரிப்ளேஸ் ஆர் டபுள் டிரம் ட்ராக்' இருக்கு. அதுல டபுளிங் (ஒரிஜினலோட சாம்பிளையும் சேர்க்கிறது) எடுங்க, ரிப்ளேசிங் (ஒரிஜினலை எடுத்துட்டு சாம்பிள் மட்டும் வைக்கிறது) வேண்டாம். கியூபேஸ்ல ஹிட்பாயின்ட் (அடி விழுற இடம்) எடுத்து மிடி நோட்டா (எப்போ, எவ்வளவு பலமா அடிக்கணும்ங்கிற குறிப்பா) மாத்தலாம், வேலாசிட்டியை (அடியோட பலத்தை) டைனமிக்ல வைங்க. ரீப்பர்ல ரீகேட் அடியைக் கண்டு மிடி அனுப்பும், ரீசாம்பிளோமேட்டிக் அதுக்கு சாம்பிளை வாசிக்கும். எதுல செஞ்சாலும் சிக்கல் ஒண்ணுதான்.

ஸ்னேர் மைக்குல பக்கத்துல இருக்கிற ஹை-ஹேட்டும் (ஜோடித் தட்டு) விழும். ட்ராக்கை டூப்ளிகேட் பண்ணி, காப்பியில மட்டும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிட்டு, அதை வெச்சு அடியைக் கண்டுபிடிக்க வைங்க. காப்பி காதுக்கு நல்லா இருக்கணும்னு அவசியமில்ல. கிக்குக்கு நிறைய பேரு 100 ஹெர்ட்ஸுக்கு மேல முழுசா வெட்டிடுறாங்க. அது தப்பு. 60 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்கவே கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட் ஆகும், அது ஏறுறதுக்குள்ள ட்ரிகர் லேட்டாயிடும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கிற பீட்டரோட (கிக்கை அடிக்கிற மிதி சுத்தியோட) 'டிக்'கை விட்டு வைங்க.

ரீட்ரிகர் நேரம் (ஒரு அடிக்கு அப்புறம் மென்பொருள் அடுத்ததைக் கண்டுக்காம இருக்கிற நேரம்): 120 டெம்போவுல பதினாறாம் நோட்டுக்கு இடைவெளி 125 மில்லிசெகண்ட், முப்பத்திரெண்டாம் நோட்டுக்கு 62.5. ரீட்ரிகரை 100-ல வெச்சா ரோல்ல பாதி அடி காணாமப் போகும். 50-ல ஆரம்பிங்க. ரெட்டை அடி விழுந்தா மட்டும் ஏத்துங்க.

அடுத்தது ஃபேஸ், அதாவது ரெண்டு சத்தத்தோட அலையும் ஒண்ணா ஏறி இறங்குதாங்கிறது. முக்கால்வாசி மிக்ஸ் கெடுறது இங்கதான். ஸ்னேரோட உடம்பு சத்தம் 200 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்குன்னு வைங்க. சாம்பிள் 2.5 மில்லிசெகண்ட் தள்ளி விழுந்தா அந்த 200 ஹெர்ட்ஸே ஒண்ணையொண்ணு அழிச்சிடும். ரெண்டு ஸ்னேர் சேர்த்தும் சத்தம் மெலிஞ்சு போகும். அதனால மிடியில விட்டுடாம சாம்பிளை ஆடியோவா ரெண்டர் பண்ணி, ஒரிஜினலுக்குக் கீழே வெச்சு, ஜூம் பண்ணி முதல் அலையோட முகட்டை முகட்டோடு சேருங்க. சாம்பிள் ஃபைலோட தலையில இருக்கிற வெத்து இடத்தையும் வெட்டுங்க. அப்புறம் சாம்பிளோட பொலாரிட்டியைத் திருப்பிப் போட்டு (அலையை மேல் கீழா மாத்தி) கேளுங்க. எதுல அடிப்பாகம் கனமா வருதோ அதுதான் சரி. டிரம்ஸுக்கு மேலே வைக்கிற ஓவர்ஹெட் மைக்குல பழைய ஸ்னேர் ஒலிச்சுக்கிட்டுத்தான் இருக்கும், அதையும் சேர்த்தே கேளுங்க.

ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்பப் போட்டா தையல் மெஷின் மாதிரி ஓடும். ஒவ்வொரு பலத்துக்கும் குறைஞ்சது நாலு சாம்பிள் வேணும். இதுக்கு வெளிநாட்டு ராக் சாம்பிள் எதுக்கு? ரெக்கார்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க வாத்தியத்தையே மெதுவா, நடுத்தரமா, பலமா ஆறு ஆறு அடி தனியா எடுத்துக்குங்க, ஒவ்வொண்ணும் முழுசா அடங்குற வரைக்கும். அன்னிக்கே எடுக்கணும். நம்ம ஊரு ஈரத்துக்கு ஆட்டுத்தோல் சுருதி சட்டுன்னு இறங்கிடும், நேத்து எடுத்தது இன்னிக்கு ஒட்டாது. தகரக் கூரையில மழை பெய்ஞ்சா கொஞ்சம் பொறுங்க.

சாம்பிளோட அளவை ஒரிஜினலுக்குக் கீழே 6 முதல் 10 டெசிபல்ல ஆரம்பிங்க. மியூட் பண்ணும்போதுதான் அது இருந்ததே தெரியணும். தனியாக் காதுல விழுந்தா இன்னும் ரெண்டு டெசிபல் இறக்குங்க.