மூச்சு இழுக்கும் நேரம்

கோல் அசைத்து வாத்தியக் குழுவை வழிநடத்தக் கற்கும் மாணவ இசை நடத்துநர்களை நிஜமான ஆர்கெஸ்ட்ரா முன் நிறுத்தித்தான் பழக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பல வகுப்புகளில் பியானோவை வைத்தே ஓட்டிவிடுகிறார்கள். பியானோவில் விரல் பட்டதும் ஒலி வந்துவிடும். ஹார்ன் என்ற ஊதுகருவியை வாசிப்பவர் முதலில் மூச்சு இழுக்க வேண்டுமே! பீத்தோவனின் 5ஆம் சிம்பொனி தொடங்குவதே ஒரு சிறு மௌனத்தில். அந்த மௌனத்தில் நடத்துநரின் கோல் மேலெழும் விதத்திலேயே வேகம் தெரிந்தாக வேண்டும்.

நான் வயலின் வரிசையில் இருந்த ஒரு பயிற்சியில், நடத்திய மாணவி ஒருவரின் மணிக்கட்டு தயங்கியது. ஆளுக்கொரு இடத்தில் நுழைந்தோம். அடுத்த முறை எங்களோடு சேர்ந்து அவரும் மூச்சு இழுத்தார். அத்தனை வில்லும் ஒன்றாக விழுந்தன. பின்லாந்தின் ஹெல்சின்கியில் உள்ள சிபேலியஸ் அகாடமி என்ற இசைக் கல்லூரியில், இசை நடத்தக் கற்றுத்தந்த ஆசிரியர் யோர்மா பனுலா மாணவர்களை ஆர்கெஸ்ட்ரா முன் நிறுத்தி, அதை வீடியோ எடுத்துக் காட்டியே பயிற்றுவித்தார். வாரம் 20 நிமிடமாவது ஒவ்வொருவருக்கும் மேடை கொடுங்கள்.