தலைப்பட்டை மாட்டினால் மாயக்குரல் தெரியுமா?

"காதில் குரல் கேட்கிறதா? மூளை அலை பார்க்கும் பட்டையைத் தலையில் மாட்டுங்கள். குரல் நிஜமா பிரமையா என்று போனே சொல்லிவிடும், மாத்திரை தேவையில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மூளை அலையைப் பதிவு செய்ய முடியும் என்பது சரி. ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-லேயே அதைச் செய்தார். ஆனால் அந்த மின் அலை மைக்ரோவோல்ட் (ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில்தான் இருக்கும். பட்டையை மாட்டிக்கொண்டு ஒருமுறை கண் சிமிட்டினாலோ பல்லைக் கடித்தாலோ போதும், திரையில் கோடு தாறுமாறாக எகிறும். அது குரலின் தடயம் இல்லை, தசை அசைவு.

மருத்துவமனையில் தலை முழுக்க சுமார் 20 மின்முனைகள் வைத்து இஇஜி (மூளை அலைப் பதிவு) எடுத்தால்கூட, குரல் பிரமையா என்று அது சொல்லாது. குரல் கேட்பதற்குக் காரணம் வலிப்பு நோயாக இருக்குமோ என்று பார்க்கத்தான் பெரும்பாலும் அதை எடுப்பார்கள். இல்லாத குரல் கேட்பதை ஓர் அறிகுறியாகக் கொண்ட மனச்சிதைவு நோயை மருத்துவர் உட்கார்ந்து பேசி, விசாரித்துத்தான் கண்டறிகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 இணையத்தில் இருக்கிறது. அதிலுள்ள வரையறையில் பார்த்துக்கொள்ளலாம்.

இதை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் ஆபத்து உண்டு. என் கவலையே அதுதான். குரல் கேட்டுத் தவிப்பவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இலவசமாகப் பேசலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.