பார்த்து வரைந்தவளுக்குக் குறைந்த மதிப்பெண்

என் மகள் பத்தாம் வகுப்பு. போன மாதம் ஓவிய வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள்: புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் படத்தைப் பார்த்து வரைந்து வர வேண்டும். அவள் எடுத்துக்கொண்டது எங்கள் தென்னாப்பிரிக்க ஓவியர் ஜெரார்ட் செகோட்டோவின் 'சாங் ஆஃப் த பிக்' (பிக்காசின் பாட்டு). மூன்று வாரம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை அவளுடையது. நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம்.

மதிப்பெண் வந்தது. அசலோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதற்குத்தான் பெரும்பகுதியாம். ப்ரொஜெக்டரில் படத்தைத் தாளில் விழவைத்து, கோட்டின் மேலேயே கோடு இழுத்து வந்த பிள்ளைகளுக்கு நிறைய. கண்ணால் பார்த்து வரைந்த இவளுக்குக் குறைவு. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. கேட்டதைக் கொடுத்தார்கள். கேட்ட விதம்தான் தப்பு.

இதைச் சொன்னால் சில நண்பர்கள், "காப்பி அடிக்கச் சொல்வதே தப்பு, சொந்தமாக வரையச் சொல்லணும்" என்கிறார்கள். அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டு டீச்சர் பாடியதைக் குழந்தை திருப்பிப் பாடினால் காப்பி என்றா சொல்கிறோம்? வான்கோ 1889, 1890இல் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து இருபது படம் போல வரைந்தார். கையில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பிரதிகள். வண்ணம் அவருடையது.

செகோட்டோவின் இந்தப் படமே ஒரு புகைப்படத்தைப் பார்த்துப் பிறந்ததுதான். 1947இல் நாட்டை விட்டுப் பாரிஸ் போவதற்குச் சற்று முன்பு, பிரிட்டோரியாவின் ஈஸ்ட்வுட்டில் இருந்தபோது வரைந்தார். தொழிலாளிகள் வரிசையாக நின்று பிக்காசுகளை ஒரே தாளத்தில் ஓங்குகிறார்கள். எதிரே வெள்ளைக்கார மேற்பார்வையாளர். படம் முழுக்க அந்தத் தொழிலாளிகளின் பலம்தான். அதிகாரம் உள்ளவர் மெலிந்து, சிறுத்து நிற்கிறார்.

இதை நானாகக் கவனிக்கவில்லை. மகள்தான் காட்டினாள். முதல் நான்கு தாளும் வீண். "அம்மா, எப்படி வரைஞ்சாலும் இந்த ஆள் பெரிசாவே வர்றான்" என்று அழாத குறை. அதிகாரி என்றால் பெரிய உருவம் என்று அவள் கை தானாகவே நினைத்திருக்கிறது. ஐந்தாவது தாளில் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "அவர் வேணும்னேதாம்மா இவனைச் சின்னதாக்கியிருக்கார்" என்றாள். கோட்டின் மேல் கோடு இழுத்திருந்தால் அவன் முதல் தடவையே சரியான அளவில் வந்திருப்பான். இந்தக் கேள்வியே அவளுக்கு வந்திருக்காது.

அன்று ராத்திரி, கரும்புத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்த சர்தார் பற்றிக் கேட்டாள். கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு 1860இல் மதராசிலிருந்து டர்பன் வந்த ட்ரூரோ கப்பலைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறாள். ஆனால் சர்தார் என்ற சொல்லை என் ஆயா, அதாவது என் பாட்டி, குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார் என்பதை அன்றுதான் சொன்னேன். ஆயா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும், அந்தச் சொல்லைச் சொல்லும்போது என் குரலும் தாழ்ந்தது.

பார்த்து வரைவதற்கு ஒழுங்கு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்கியவர்கள் அசலின் முன்னால் உட்கார்ந்தே வரையலாம், ஆனால் அசலின் அளவில் வரையக் கூடாது. நம் பிள்ளைகளும் மூல ஓவியரின் பெயரைப் படத்தின் கீழேயே எழுதட்டும். அவருடைய கையெழுத்தைப் போட வேண்டாம். விற்கவும் கூடாது. செகோட்டோ 1993இல் காலமானார், இந்த நாட்டில் ஓவியரின் காலத்துக்குப் பிறகும் 50 ஆண்டு பதிப்புரிமை உண்டு.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வீணான தாள்களையும் சேர்த்து வாங்குங்கள். எங்கே கை தவறியது, ஏன் தவறியது, அசலில் என்ன புதிதாகத் தெரிந்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பாதியாவது அதற்குப் போகட்டும்.

வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். அந்த நான்கு தாளையும் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து நீவி வைத்திருக்கிறேன். கொண்டுபோய் டீச்சரிடம் காட்டப் போகிறேன்.